அணையத் தெரியாத அழற்சி

என் அத்தைக்கு முடக்கு வாதம் என்று உறுதியானதிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "உடம்புல எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு. அதைக் கூட்டுறதுக்கு வழியைப் பாருங்க." பின்னாலேயே கஷாயம், சூரணம், நெல்லிச்சாறு என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த எண்ணத்தால் எத்தனையோ பேர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு விரல்களின் இயக்கத்தை இழக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன்.

ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்கு வாதம் எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வருவதல்ல. ஆரம்பித்த வேலையை எதிர்ப்பு மண்டலம் முடிக்காமல் தொடர்ந்துகொண்டே இருப்பதால் வருவது. கிரோன் நோய், சொரியாசிஸ், முதுகெலும்பைப் பிடிக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று நாள்பட்ட அழற்சி நோய்கள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த முடிவின்மைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், டாக்டர் ஏன் அவசரப்படுத்துகிறார், ஏன் இத்தனை பரிசோதனை, ஏன் வலி போன பிறகும் மாத்திரை என்பதெல்லாம் தானாகப் புரியும்.

காலை ஆறு மணிக் கை

அத்தையின் கையைக் காலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள் புடைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளமே தெரியாமல் மூடியிருக்கும். விரல்களின் நடுக்கணுக்களும் பருத்திருக்கும். நுனிக்கணுக்கள் மட்டும் பழையபடியே. தொட்டால் இளஞ்சூடு. அழுத்திப் பார்த்தால் எலும்பின் கெட்டித்தன்மை இல்லை, மெத்தென்று அமுங்கும். இந்தப் பதிவு முழுக்க அந்த மெத்தென்ற சதையைப் பற்றியதுதான்.

அந்த நேரத்தில் அவரால் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாது. குழாயைத் திருக முடியாது. ஒன்பதரை மணிக்கு அதே கை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். "ராத்திரி பூரா சும்மாதானே கெடக்கேன் கண்ணு, காலையில எப்படி இப்படி மரத்துப் போகுது?" என்று கேட்பார்.

சும்மா கிடப்பதால்தான். தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் குறையும். அழற்சியால் வருவது ஓய்வில் இறுகும், அசைவில் இளகும். இதற்கு ஒரு கடிகாரமும் உண்டு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற மூலக்கூறு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் விடியற்காலையில் உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தணிக்கக்கூடிய நம் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் அதே வேளையில் ஏறத் தொடங்கினாலும், அழற்சியின் அளவுக்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று டாக்டர் முதல் வேலையாகக் கேட்பது இதனால்தான்.

முள் குத்தினால் என்ன நடக்கிறது

நல்ல அழற்சி எப்படி முடிகிறது என்று தெரிந்தால்தான் கெட்டது புரியும். காலில் முள் குத்துகிறது. திசுவில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சிதைவையும் கிருமியையும் உணர்ந்து டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையிலான சமிக்ஞை மூலக்கூறுகளை, சுரக்கின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சுவர்கள் கசிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதன் விளைவு. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து கிருமிகளைக் கொன்று, ஓரிரு நாளில் தாமும் மடிகின்றன.

பிறகு நடப்பதுதான் முக்கியம். மேக்ரோஃபேஜ்கள் இறந்த நியூட்ரோஃபில்களை விழுங்குகின்றன. விழுங்கியதும் அவற்றின் சுரப்பே மாறிவிடுகிறது: டிஎன்எஃப் குறைகிறது, அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா ஆகியவை கூடுகின்றன. கொழுப்பிலிருந்து உருவாகும் சமிக்ஞைகளும் மாறுகின்றன. முதலில் புரோஸ்டாகிளாண்டின்; பின்னர் லிபாக்சின், ரிசால்வின். இந்த இரண்டாம் கட்டத்தை அலசியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் செர்ஹான். அழற்சி களைத்துப்போய் ஓய்வதில்லை, அதை முடித்துவைக்க உடல் தனியாக வேலை செய்கிறது என்பதை அவருடைய ஆய்வுகள் நிறுவின.

முடித்துவைக்கும் வேலையில் இன்னொரு பங்காளியும் உண்டு. நம் உடலையே தாக்கக்கூடிய டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஓரளவு எல்லாரிடமும் இருக்கின்றன. தைமஸ் சுரப்பி பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டாலும் சில தப்பிவிடும். அவற்றை அடக்கி வைக்கும் தனி வகை டி செல்களை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அடையாளம் காட்டினார். அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தவர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும். மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தாக்குவதற்கு எவ்வளவு ஏற்பாடு தேவையோ, நிறுத்துவதற்கும் அவ்வளவு ஏற்பாடு தேவை.

மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பு

முடக்கு வாதம் பெரும்பாலும் மூட்டில் தொடங்குவதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

நம் புரதங்களில் ஆர்ஜினின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. உடல் உறுத்தப்படும் இடங்களில் பேட் எனப்படும் நொதிகள் அதைச் சிட்ரூலினாக மாற்றுகின்றன. மிகச் சிறிய மாற்றம், எல்லாருக்கும் நடப்பது. ஆனால் ஹெச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வடிவங்களைக் கொண்டவர்களிடம் இந்த மாறிய துண்டுகள் டி செல்களின் பார்வைக்கு எளிதாகக் காட்டப்படுகின்றன. அந்த வடிவங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிறு பகுதி இருப்பதைப் பீட்டர் கிரெகர்சனும் சகாக்களும் 1987-இல் எடுத்துக்காட்டினார்கள். டி செல் அந்தத் துண்டை அந்நியமாக எடுத்துக்கொண்டால் பி செல்களையும் தூண்டும். பி செல்கள் அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். பரிசோதனைச் சீட்டில் "ஆன்டி-சிசிபி" என்று வருவது இதுதான்.

இது முதலில் எங்கே நடக்கிறது? பெரும்பாலும் நுரையீரலில், ஈறுகளில் என்று கருதுகிறார்கள். புகைப்பவர்களின் நுரையீரலில் சிட்ரூலின் கூடுவதையும், மேற்சொன்ன மரபணு உள்ளவர்கள் புகைத்தால் இந்த ஆன்டிபாடிகள் உள்ள முடக்கு வாதம் வரும் வாய்ப்பு பலமடங்கு உயர்வதையும் ஸ்டாக்ஹோமின் லார்ஸ் கிளாரெஸ்கோக் குழு 2006-இல் வெளியிட்டது. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவிடம் இதே வேலையைச் செய்யும் சொந்த நொதியே இருக்கிறது.

நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்கு வாதம் வந்த 79 பேரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, முதல் வலி வருவதற்கு முன்பே ரூமட்டாய்டு ஃபேக்டர் என்ற இன்னொரு ஆன்டிபாடியோ ஆன்டி-சிசிபியோ ரத்தத்தில் இருந்திருக்கிறது. பொதுவாக நான்கரை ஆண்டுகள் முன்பாக. அந்தக் காலமெல்லாம் அவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடியிருக்கிறார்கள்.

அத்தை புகைத்ததே கிடையாது. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளிமேல் பழிபோடும் பழக்கம் நம்மிடம் அதிகம். ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இது வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பரம்பரை, சூழல், ஹார்மோன், தற்செயல் எல்லாம் சேர்ந்து வருவது. அது யாருடைய குற்றமும் இல்லை.

அந்த மெத்தென்ற சதை

மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு சைனோவியம் என்று பெயர். ஆரோக்கியமான மூட்டில் அதன் மேலடுக்கு ஒன்று முதல் மூன்று செல் கனம்தான். மூட்டுக்கு வழவழப்பு தரும் நீரைச் சுரப்பது அதன் வேலை. முடக்கு வாதத்தில் அதே அடுக்கு பத்து, பதினைந்து செல் கனத்துக்குத் தடிக்கிறது. கீழே புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. டி செல்களும் பி செல்களும் வந்து கூடுகின்றன. சிலருக்கு மூட்டுக்குள்ளேயே நிணநீர் முடிச்சு போன்ற அமைப்புகள் உருவாகி, ஆன்டிபாடி அங்கேயே தயாராகிறது. அத்தையின் முட்டியில் விரலுக்கு அமுங்கியது இந்தத் தடித்த சவ்வுதான்.

இந்தச் சவ்வு குளத்தில் ஆகாயத்தாமரை படர்வதைப் போலக் குருத்தெலும்பின்மேல் ஓரத்திலிருந்து படர்கிறது. அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கூடவே ரேங்க்-எல் என்ற சமிக்ஞை, எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முதிரச் செய்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் கடித்ததுபோல் தெரியும் அரிப்பு இவற்றின் வேலை. அப்படிப் போன எலும்பும் குருத்தெலும்பும் பழையபடி திரும்பி வருவது மிக அரிது.

இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் விஷயத்தில் 1990-களில் ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை, டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகளுக்குள் மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து வைத்தார்கள். தூண்டிவிட யாரும் இல்லாத அந்த இடத்திலும் அவை குருத்தெலும்பை அரித்தன. அதாவது, நாட்பட்ட அழற்சியில் கிடந்த செல் தன் குணத்தையே மாற்றிக்கொண்டு விடுகிறது. ஆரம்பத்திலேயே தணிப்பதற்கும் மூன்று வருடம் கழித்துத் தணிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

பாதிப்பு மூட்டோடு நிற்பதுமில்லை. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. நாம் ரத்தப் பரிசோதனையில் அளப்பது அதைத்தான். அதே சமிக்ஞை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, இரும்புச்சத்தைச் செல்களுக்குள் பூட்டி வைக்கிறது. அத்தைக்கு ஹீமோகுளோபின் குறைந்தபடியே இருந்தது. இரும்பு மாத்திரையும் பேரீச்சம்பழமும் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை. அழற்சி தணிந்த பிறகுதான் ஏறியது. மாரடைப்பு வரும் வாய்ப்பும் இந்த நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரத்தக்குழாயின் சுவரையும் இந்த அழற்சி விடுவதில்லை.

பல சமிக்ஞைகளில் ஒன்றைப் பிடித்தால் போதுமா?

1980-களில் நோயாளிகளின் மூட்டில் தேடத் தேடப் புதுப்புது சைட்டோகைன்கள் வந்துகொண்டே இருந்தன. இத்தனை இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன ஆகப்போகிறது, மற்றவை அந்த வேலையைச் செய்துவிடுமே என்பதுதான் பலருடைய கருத்து. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்களுடைய சகா ஃபியோனுலா பிரென்னன் நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களைத் தட்டில் வளர்த்து, டிஎன்எஃப்பை மட்டும் ஆன்டிபாடியால் தடுத்துப் பார்த்தார். இன்டர்லூக்கின்-1 சுரப்பும் சேர்ந்து விழுந்தது. 1989-இல் இது வெளியானது. எல்லாம் தனித்தனியாக ஓடவில்லை. பல சைட்டோகைன்கள் டிஎன்எஃப்பைப் பின்தொடர்கின்றன என்பது அதன் பொருள். 1991-இல் கிரேக்கத்தின் ஜார்ஜ் கோலியாஸ், மனித டிஎன்எஃப்பை அளவுமீறிச் சுரக்கும் எலிகளுக்கு மூட்டழற்சி வருவதையும், அதைத் தடுத்தால் நோய் நிற்பதையும் காட்டினார்.

1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், வேறு மருந்துகள் கைவிட்ட 20 பேருக்கு டிஎன்எஃப் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். இன்று இன்ஃப்ளிக்சிமாப் என்று அழைக்கப்படும் மருந்து. சோர்வும் விறைப்பும் வெகு சீக்கிரம் விலகின, வீக்கம் சில வாரங்களில் வடிந்தது, சிஆர்பி இறங்கியது. 1990-களின் இறுதியில் இன்ஃப்ளிக்சிமாப், எட்டானெர்செப்ட் இரண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. 2002-இன் கடைசியில் அடாலிமுமாப். 2003-இல் ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆனால் அந்த முதல் 20 பேருக்கும் கொடுத்த மருந்தின் வீரியம் சில வாரங்களில் தீர்ந்ததும் நோய் திரும்பியது. டிஎன்எஃப்பைத் தடுத்தால் விளைவு நிற்கிறது. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் செல்லின் நினைவு அழிவதில்லை. வலி போய்விட்டது என்று தாங்களாகவே மருந்தை நிறுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காசநோயும் டிஎன்எஃப்பும்

டிஎன்எஃப் நமக்கு எதிரி இல்லை. காசநோய்க் கிருமி நுரையீரலில் நுழைந்தால், மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றிக் கிரானுலோமா என்ற இறுக்கமான கட்டியைக் கட்டி, வருடக்கணக்கில் அடைத்து வைக்கின்றன. அந்தக் கட்டியைக் குலையாமல் வைத்திருப்பது டிஎன்எஃப். அதைத் தடுத்தால் உறங்கும் கிருமி எழுந்துவிடலாம். இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் வெளியான அறிக்கை உலகத்தையே விழிக்க வைத்தது.

உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அதனால் இங்கே இந்த வகை ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை எடுப்பது கட்டாயம் போன்றது. உறங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கான மாத்திரை. இந்தப் பரிசோதனைகளைப் பணம் பிடுங்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

நோய்க்கு நோய் முக்கியமான சைட்டோகைன் வேறுபடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்டர்லூக்கின்-17ஐத் தடுத்தால் சொரியாசிஸ் அருமையாகத் தணிகிறது. கிரோன் நோய் மோசமாகலாம். டிஎன்எஃப்பைத் தடுப்பது முடக்கு வாதத்துக்கு நல்லது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்குக் கெடுதல். ஆகவே "எதிர்ப்பு சக்தி" என்று ஒற்றை அளவு எதுவும் இல்லை, மொத்தமாகக் கூட்டவோ குறைக்கவோ. எந்தத் திசுவில், எந்தச் சமிக்ஞை, எவ்வளவு நாளாக என்பதுதான் கேள்வி. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில்கொடி சாப்பிட்ட சிலருக்குத் தன்னுடல் தாக்குதல் போன்ற கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஊக்குவிப்பதும் எப்போதும் தீங்கற்றது அல்ல.

வாரம் ஒரு நாள் மாத்திரை

விலையுயர்ந்த ஊசிதான் ஒரே வழி என்று பயப்பட வேண்டாம். உலகம் முழுக்க முதல் மருந்தாகத் தருவது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மலிவான மாத்திரைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவின் ஃபோலிக் அமில ஆய்விலிருந்து பிறந்த மருந்து அது. புற்றுநோய்க்காக வந்தது. மிகக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்கு வாதம் தணியும் என்று 1980-களின் சோதனைகள் உறுதிசெய்தன. அந்த அளவில் அது திசுக்களில் அடினோசின் என்ற பொருளைக் கூட்டி அழற்சியைத் தணிக்கிறது என்பது முக்கியமான விளக்கம்.

பெட்டியில் "புற்றுநோய் மருந்து" என்று பார்த்துப் பதறி நிறுத்துகிறவர்கள் பலர். அளவும் நோக்கமும் வேறு. ஆனால் ஒரு எச்சரிக்கை: இது வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு, டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் அமிலம் தருகிறோம். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு.

வலி மாத்திரை மட்டும் போட்டுக் காலம் தள்ளுவது நல்லதல்ல. அது புரோஸ்டாகிளாண்டினை மட்டும் தடுக்கிறது; சவ்வு படர்வதை நிறுத்துவதில்லை. ஊர் பேர் இல்லாத பொடியில் உடனே சுகம் கிடைத்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. ரூமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்ததை வைத்தும் நிம்மதியாகிவிடக் கூடாது. நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாகவும் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது விரல் முட்டிகளோ மணிக்கட்டோ ஆறு வாரத்துக்கு மேல் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் விறைத்திருந்தால், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் வழியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள். மாவட்டத்தில் அந்த நிபுணர் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவத் துறைக்குப் போய், "மூட்டு வீக்கம், காலை விறைப்பு, இத்தனை வாரமாக" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தானாக அணையத் தெரியாத அழற்சியை அணைக்க மருந்து இருக்கிறது. அது பலன் தருவது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. எலும்பு அரிப்பதற்கு முன்னால் தொடங்கினால், நோய் இருந்தும் கை கையாகவே இருக்கும்.